டிஸ்கஸ் மீனும் முப்பத்தாறு படங்களும்

போன மாதம் பதுளையில் கமராப் பைத்தியம் பிடித்த சில இளைஞர்கள் ஒரு கூட்டம் வைத்து, என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். என் பழைய மீன் படங்கள் சிலவற்றை மேசையில் பரப்பி வைத்திருந்தேன். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "அங்கிள், இந்தக் கலர் வர என்ன பில்டர் போட்டீங்க?" என்று கேட்டார்.

"பில்டர் போடலைங்க தம்பி. ஓடிக்கிட்டிருந்த பில்டரை நிப்பாட்டிட்டுத்தான் எடுத்தோம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மீன் தொட்டியில் பில்டர் என்றால் தண்ணீரைச் சுத்தம் செய்து காற்றும் கொடுக்கிற சின்ன மோட்டார் என்று விளக்கினேன். அப்போதும் சிரிக்கவில்லை. அடுத்த பேச்சாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பில்டரை நிறுத்தியதில் என்ன நடந்தது என்பதை அங்கே சொல்ல முடியவில்லை. எழுதும்போது யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

நான் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவன். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்து, பதுளை நகரில் ஒரு ஸ்டூடியோவில் எட்டு வருடம் வேலை செய்தேன். அங்கே கற்ற தொழிலை மூன்றே சொற்களில் சொல்லிவிடலாம்: "ஆடாதீங்க, நாடியத் தூக்குங்க." அடையாள அட்டைக்குப் படம் எடுக்கத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். கல்யாண மாப்பிள்ளைகளும் அப்படித்தான். உயிருள்ள மனிதரைக் கட்டையாக்கி அட்டையில் ஒட்டுவதில் நான் கெட்டிக்காரனாக இருந்தேன். அதனால் தொண்ணூறுகளின் நடுவில், அலங்கார மீன் வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனி ஒன்று படம் பிடிக்க ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும், மீன் என்ன பெரிய விஷயம் என்று கிளம்பிவிட்டேன்.

பசறை வீதியில், ஆறு வளைகிற இடத்தில், ஒரு பழைய தேயிலைக் களஞ்சியம். அதற்குள் வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். கப்பி, வாள்வால், ஏஞ்சல், பைட்டர், எல்லாவற்றுக்கும் மேலாக டிஸ்கஸ். முதலாளி கொழும்பில் இருந்தார். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். மற்ற நாட்களில் அங்கே அரசாண்டவர் மனேஜர் சிற்றம்பலம் சேர்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பில் அது எப்படி இருக்கும் என்பதுதான். பைல் கோவைகளைப் பற்றியோ அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வந்த மாதமே ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கோவை திறந்தார். குஞ்சு பொரித்தால் ஒரு படிவம், தொட்டி மாறினால் ஒரு படிவம், செத்துப்போனால் மூன்று பிரதிகளில் ஒரு படிவம். குரலை உயர்த்தவே மாட்டார். எதையும் 'செய்' என்று சொல்லவும் மாட்டார். "இப்பிடிச் செய்தால் நல்லம் எண்டு நினைக்கிறன்" என்பார். அவர் ஒருமுறை நினைத்துவிட்டால் பிறகு வேறு யாரும் எதையும் நினைக்க வேண்டிய தேவை இருக்காது.

முதல் நாள் எனக்கு ஓர் ஏஞ்சல் மீனைக் கொடுத்தார்கள். ஸ்டூடியோ முறைப்படி நேராக நின்று, நேராகப் பிளாஷ் அடித்து ஒரு பிலிம் சுருள் முழுவதையும் எடுத்தேன். படங்கள் கழுவி வந்ததும் மறுநாள் என் மேசையில் ஒரு துண்டுக் கடிதம் இருந்தது. பச்சை மை, அச்செழுத்து மாதிரிக் கையெழுத்து: 'படத்தில் மீனைவிட உமது முகம் தெளிவாக விழுந்துள்ளது. இக்கம்பனி உம்மை ஏற்றுமதி செய்யும் உத்தேசத்தில் இல்லை.'

அவர் எழுதியதில் பிழை இல்லை. கண்ணாடியில் என் முகம், என் சட்டை, பின்னாலிருந்த கலண்டர் எல்லாம் தெரிந்தன. மீன் ஒரு மூலையில், வால் பக்கம் நூல் மாதிரிக் கழிவு தொங்க, கூச்சத்தோடு நின்றது.

அதன் பிறகு ஒவ்வொரு தவறாகச் செய்துதான் ஒவ்வொன்றையும் கற்றேன். படத்துக்கென்று ஒரு சின்னத் தொட்டி கட்டினேன். அகலம் ஒரு சாண்கூட வராது. அதற்குள் ஒரு தனிக் கண்ணாடித் துண்டை இறக்கி, மீனை முன்பக்கக் கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில் நிறுத்தினால், மீன் முன்னும் பின்னும் போக வழியில்லை, படமும் கலங்காது. தண்ணீரை இரண்டு நாள் ஆறவிட வேண்டும். குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் கண்ணாடி முழுக்க முத்து முத்தாகக் குமிழி ஒட்டும். மணலைக் கழுவுகிற தண்ணீர் குடிக்கிற மாதிரித் தெளிகிற வரைக்கும் கழுவ வேண்டும். முந்தின நாள் மீனுக்குச் சாப்பாடு கிடையாது. பிளாஷ் கமராவின் தலையில் இருக்கக் கூடாது. தொட்டிக்கு மேலே, எண்ணெய்க் காகிதம் கட்டி, வெயில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். கறுப்பு அட்டையில் ஓட்டை போட்டு, அதற்குள் லென்சை நுழைத்து, அட்டைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டால் என் முகம் ஏற்றுமதியாகாது. பிறகு காத்திருக்க வேண்டும். மீன் தன் துடுப்புச் செட்டையை விரிப்பது ஒரு கண்சிமிட்டும் நேரம். சேர் நினைத்தாலும் அதை விரிக்க வைக்க முடியாது.

அதை விரிக்க வைக்கத் தெரிந்த ஒரே ஆள் பார்வதியக்கா. ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, பசறையில் வாழ்க்கைப்பட்டு, பதினைந்து வருடம் கொழுந்து பறித்துவிட்டு, தோட்டத்துப் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டு இந்தக் கம்பனிக்குத் தொட்டி பார்க்க வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் கமராவுக்கு இடப்பக்கம் நின்று, ஒற்றை விரலைக் கண்ணாடியில் படாமல் மேலும் கீழும் அசைப்பார். சாப்பாடு கொண்டு வருகிற விரல் என்று மீன் முன்னால் வந்து முழுச் செட்டையையும் விரிக்கும். என் வேலை பொத்தானை அமுக்குவது மட்டும்தான். மீன் வாங்குகிறவர்களுக்கென்று கம்பனி அச்சடித்து வெளிநாட்டுக்கு அனுப்பிய படப் புத்தகத்தில் 'படம்: பாலசுந்தரம், நெறிப்படுத்தல்: சிற்றம்பலம்' என்று அச்சாகியது. விரலுக்குப் பெயர் போடவில்லை. எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை.

ஒருமுறை அச்சகத்தில் சிவப்பைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டார்கள். மீனை வாங்கியவர்கள், புத்தகத்தில் பார்த்த நிறம் நேரில் இல்லை என்று எழுதினார்கள். சேர் அச்சகத்துக்கு எழுதவில்லை. தொட்டிக் கூடத்துச் சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்: 'சில மீன்களின் நிறம் திருப்தியற்றதாக அறியக் கிடக்கிறது. சம்பந்தப்பட்டோர் கவனத்தில் எடுக்கவும்.'

பார்வதியக்கா என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சம்பந்தப்பட்டவங்கன்னா நம்மளா, மீனா?" என்றார்.

"மீனா இருக்கும்க்கா."

"அப்ப தொட்டிக்கு உள்பக்கமாவுல்ல ஒட்டணும்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இனி அந்த டிஸ்கஸ். பதினான்காம் தொட்டியில் வளர்ந்தது. தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற பீரிசு அளவு வட்டம். செம்மஞ்சள் உடம்பில் நீலக் கோடுகள், யாரோ நிதானமாக உட்கார்ந்து வரைந்த மாதிரி. பார்வதியக்கா குஞ்சிலிருந்து பார்த்து வளர்த்தது. ஐரோப்பாவில் மீன் வாங்குகிற ஒருவர், அதன் படம் நன்றாக வந்தால் தங்கள் புத்தகத்துக்கு அட்டையாகப் போடுகிறோம் என்று எழுதியிருந்தார். முதலாளி தொலைபேசியில் சேரிடம் சொன்னார். சேர் மூன்று நாள் எதையும் நினைக்காமல் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையை வாசித்தார். நான்காம் நாள் நினைத்தார்.

"பாலசுந்தரம், பெரிய இடங்களிலை பிளாஷ் பாவிக்கிறேல்லையாம். தொடர்ந்து எரியிற விளக்குத்தானாம். நாங்களும் அப்பிடிச் செய்தால் நல்லம் எண்டு நினைக்கிறன்."

தொடர்ந்து எரிகிற விளக்கு என்றால் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கல்யாண வீடியோக்காரரிடம் இருந்ததுதான். பண்டாரவளையிலிருந்து இரண்டு வந்தன. பக்கத்தில் நின்றாலே முகம் பொரியும். அவற்றைச் சின்னத் தொட்டிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினோம்.

பார்வதியக்கா வந்து பார்த்தார். "தம்பி, கல்யாண வீட்டுல இந்த லைட்டு பட்டு பொண்ணுக்கே மயக்கம் வந்துருது. இது எத்தன நேரம் தாங்கும்?"

"டிஸ்கஸ்சுக்குச் சூடு பிடிக்கும்தானேக்கா" என்றேன். அது உண்மைதான், கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில்தான் அந்த மீன் நன்றாக இருக்கும். பாதி உண்மையை நான் அன்று முழுசாகப் பாவித்தேன். எனக்கு அட்டைப்படம் வேண்டியிருந்தது.

பில்டரின் குமிழிகள் படத்தில் விழுகின்றன என்று சேர் அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எடுக்கத் தொடங்கியபோது காலை ஒன்பது மணி இருக்கும். முதலில் மீன் நிறம் மங்கி, உடம்பில் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. பயந்தால் டிஸ்கஸ் அப்படித்தான் கறுக்கும். பழகிவிடும் என்று காத்திருந்தேன். பார்வதியக்கா விரலை அசைக்கவில்லை.

"தம்பி, மூச்சு வாங்குது பாரு. செவுளு அடிக்கிற அடியப் பாரு. போதும், எடுத்து விட்டுரலாம்."

சேர் தன் பேனாவை மூடினார். "பார்வதி, நீர் உம்மடை தொட்டியளைப் பாரும். இஞ்சை நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறம்."

அக்கா நின்று என்னைப் பார்த்தார். நான் லென்சுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். லென்சுக்குள் பார்ப்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. வெளியே யார் பார்த்தாலும் தெரியாது. அக்கா போய்விட்டார்.

முப்பத்தோராவது படத்தில் மீன் திடீரென்று மேல் செட்டையும் கீழ்ச் செட்டையும் கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்கு விரித்து, நடுத் தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. கறுப்புப் பட்டைகள் மறைந்து நிறம் கொதித்துக்கொண்டு வந்தது. நான் அமுக்கினேன். கமரா பிடித்த இத்தனை வருடத்தில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை என்று உடம்பு சிலிர்த்தது. இன்னும் ஐந்து எடுத்தேன். அந்த ஐந்திலும் மீன் சாய்ந்துகொண்டே போனது. தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுபோய் விட்டோம். மதியச் சாப்பாட்டு மணி அடிக்குமுன் செத்துவிட்டது.

சேர் படிவத்தை எடுத்தார். மூன்று பிரதி. பெயர், தொட்டி இலக்கம், வயது எல்லாம் எழுதிவிட்டு, 'மரணத்துக்கான காரணம்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அழகாக எழுதினார்: 'பராமரிப்பாளரின் கவனயீனம்.' தாளை என் பக்கம் திருப்பினார்.

"சாட்சிக்கு ஒரு கையொப்பம் வேணும்."

"சேர், அது நம்ம லைட்டுல..."

"பாலசுந்தரம், முதலாளி என்னட்டைக் கேப்பார். நான் என்னத்தைச் சொல்லுறது? அட்டைப்படம் எடுக்கேக்கை அட்டைப்படக்காரனே மீனைச் சாக்காட்டிப்போட்டான் எண்டு சொல்லவே? உமக்கு வேலை வேணுமோ வேண்டாமோ?" குரல் கொஞ்சமும் உயரவில்லை.

கையெழுத்துப் போட்டேன். மூன்று பிரதியிலும் போட்டேன். மற்றவர்களைப் பற்றி நக்கலாக எழுதுவது சுலபம். இந்த இடத்தில் மட்டும் எனக்கு நக்கல் வருவதில்லை.

பார்வதியக்காவை, விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர் பதினான்காம் தொட்டியில் மிச்சமிருந்த மீன்களுக்கு எந்த நேரத்தில் என்ன கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் பெயர் வெட்டியவரை மறுபடி பதிவது அப்போது லேசான காரியமில்லை. இந்த வேலையும் போனால், வேறு வீடுகளில் துணி துவைக்கப் போவதைத் தவிர அவருக்கு வழி இருக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவருடைய வேலையைச் சேரே பொறுப்பெடுத்தார். நேர அட்டவணை போட்டு, கையில் கோவையோடு தொட்டி தொட்டியாகப் போய்ச் சாப்பாடு போட்டார். கப்பிகள் தின்றன, கப்பி யார் போட்டாலும் தின்னும். டிஸ்கஸ்கள் கண்ணாடிக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அவர் கோவையில் 'உணவு மறுப்பு' என்று குறித்துக்கொண்டார்.

ஸ்லைட் சுருள் கொழும்புக்குப் போய்க் கழுவி வர இரண்டு வாரம் ஆனது. வெளிச்சப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். தொட்டியின் இடது ஓரத்தில் நானே ஒட்டி வைத்த வெப்பமானி ஒவ்வொரு படத்திலும் விழுந்திருந்தது. அச்சடிக்கும்போது வெட்டிவிடலாம் என்று விட்டிருந்தேன். முதல் படத்தில் இருபத்தொன்பது பாகை. பத்தாவதில் முப்பத்தொன்று. இருபதாவதில் முப்பத்து மூன்றரை. அந்த அழகான முப்பத்தோராவதில் முப்பத்தாறு. அந்த மீன் எனக்காகச் செட்டை விரிக்கவில்லை. மூச்சுக்குத் தவித்திருக்கிறது. நான் அதைப் பார்த்துச் சிலிர்த்திருக்கிறேன்.

சேரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முப்பத்தோராவதை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "அருமை" என்றார். மற்றவற்றைப் பார்க்கவில்லை.

"சேர், அந்தப் படிவத்த மாத்தி எழுதணும்."

"படம் வேறை, கோவை வேறை. ரெண்டையும் குழப்பக் கூடாது."

இரண்டு நாள் கழித்து முதலாளி வந்தார். அட்டைப்படத்தைப் பார்ப்பது, விசாரணையை முடிப்பது, இரண்டையும் ஒரே காலையில் வைத்துக்கொண்டார்கள். ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி அறையை இருட்டாக்கி, சுவரில் வெள்ளைத் துணி தொங்கவிட்டோம். ஸ்லைட் காட்டுகிற இயந்திரம் என் பொறுப்பு. ஒரே ஒரு படத்தைப் போடத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் முப்பத்தாறையும் வரிசையாகப் போட்டு வைத்திருந்தேன்.  

முதல் படம் விழுந்ததும், "ஓரத்துல வெப்பமானி இருக்குங்க. இருபத்தொம்பது" என்றேன்.

"இது தேவையில்லை எண்டு நினைக்கிறன்" என்றார் சேர்.

அடுத்ததைப் போட்டேன். அதற்கடுத்ததை. ஒவ்வொன்றுக்கும் வெப்பத்தை மட்டும் சொன்னேன். கறுப்புப் பட்டை விழுந்தது, செவுள் விரிந்தது எல்லாம் துணியில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தன. முப்பத்தோராவது வந்தபோது முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். முப்பத்தாறாவதில் மீன் சாய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு வெறும் வெள்ளை வெளிச்சம்.

"மீனைக் கொன்னது நான்தாங்க. பார்வதியக்கா போதும்னு சொன்னாங்க. நான் கேக்கல. படிவத்துல பொய்க் கையெழுத்துப் போட்டதும் நான்தான்" என்றேன்.

முதலாளி சேரைப் பார்த்தார். சேர் மேசையைப் பார்த்தார். கடைசியில் முதலாளி கேட்டார்: "அந்த முப்பத்தோராவது படம். அந்த வெப்பமானிய வெட்டிட்டு அச்சடிக்க முடியுமா?"

"முடியுங்க" என்றேன்.

"அப்ப அத அனுப்புங்க. அந்தப் பொம்பளையத் திரும்ப வரச் சொல்லுங்க. போதும்னு தெரிஞ்ச ஆள் ஒண்ணு இருக்கிறது நல்லதுதானே." எழுந்து காருக்குப் போய்விட்டார். நீதி கிடைத்த கணக்கில் இதைச் சேர்ப்பதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சேர் மூன்று பிரதியையும் எடுத்து, பழைய காரணத்தை அடிமட்டம் வைத்து ஒற்றைக் கோட்டால் வெட்டினார். அதற்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் 'ஒளி மிகை' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் எழுதினார். அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

மறுநாள் காலையில் பசறைக்குப் பஸ் ஏறினேன். பார்வதியக்கா லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"கையெழுத்துப் போட்டியாமே."

"ஆமாக்கா."

"மூணுலயுமா?"

"மூணுலயும்தான்."

கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினார். "ஒண்ணுலயாவது போடாம விட்டிருக்கலாம்." பிளந்த விறகை ஓரமாக அடுக்கினார். பிறகு, "பதினாலு நம்பர் தொட்டி தின்னுதா?" என்றார்.

"சேர் போட்டாத் திங்க மாட்டேங்குது."

"அதுங்களுக்காக வாரேன். ஒனக்காவ இல்ல. ஆனா இனிமே படம் எடுக்கையில நான் போதும்னா போதும். நீயும் பேசக் கூடாது, அவரும் பேசக் கூடாது. அதக் கடுதாசில எழுதித் தரச் சொல்லு. அவருக்குத்தான் எழுத வருமே."

சேரிடம் சொன்னேன். அவமானமாக எடுத்துக்கொள்வார் என்று பயந்தேன். கடிதம் எழுதக் கேட்டால் அவர் என்றைக்கும் மறுத்ததில்லை என்பதை மறந்துவிட்டேன். சுற்றறிக்கை இலக்கம் போட்டு, படப்பிடிப்பின்போது பராமரிப்பாளர் 'போதும்' எனக் கூறுமிடத்து, பதவி வேறுபாடின்றிச் சகலரும் உடன் நிறுத்துதல் வேண்டும் என்று எழுதி, முத்திரை குத்திச் சுவரில் ஒட்டினார். பார்வதியக்கா அதன் ஒரு பிரதியை வாங்கி, நான்காக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

அட்டைப்படம் அச்சாகி வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் மீன் என்ன உயிரோட்டமாக இருக்கிறது என்றார்கள். நான் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினேன்.

பார்வதியக்கா திரும்பி வந்த வாரம், வீடியோ விளக்கு இல்லாமல், பழையபடி பிளாஷும் எண்ணெய்க் காகிதமுமாக இன்னொரு டிஸ்கஸ்சை நிறுத்தினோம். பில்டர் ஓடியது. குமிழி விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டேன். அக்கா விரலை அசைத்தார். நான்கு படம் எடுத்திருப்பேன்.

"போதும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மீன் முன்னால் வந்து, ஒரு குமிழிகூட மறைக்காமல், செட்டை முழுவதையும் சாவகாசமாக விரித்தது. இந்தத் தடவை அது தவிப்பில்லை. விரல் பொத்தானில் இருந்தது. விரலை எடுத்து, லென்சுக்கு மூடி போட்டேன்.

பின்னாலிருந்து சேர், "ஏன் நிப்பாட்டினீர்? இப்பதானே வடிவா நிக்குது" என்றார்.

"சுற்றறிக்கைங்க, சேர்" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். தான் எழுதி ஒட்டியதை ஒருமுறை முழுதாக வாசித்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஒன்றும் நினைக்காமல் வெளியே போனார்.